சட்டம் கட்டிய கார்!

"மோட்டார் பந்தயமா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், வாசகிகளே! ஒரு நிமிஷம் பொறுங்கள். பனி மூடிய மலைப் பாதையில் ஆண்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பறந்த பெண்மணிகள் இந்தக் கதையில் வருகிறார்கள். ஒரு தகப்பனாரும் பிள்ளையும் வருகிறார்கள். தகப்பனாரின் வாழ்க்கையில் ஒரு சின்ன பல்பு விளையாடியது. பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு விளையாடியது. இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றுதான்: பந்தயத்தின் சட்டப் புத்தகம்.

முதலில் 'ராலி' என்றால் என்னவென்று தெரிந்துகொள்வோம். வட்டமான மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற ரேஸ் அல்ல இது. ஜனங்கள் நடமாடும் சாதாரண ரோட்டிலும் மலையிலும் காட்டிலும் நடக்கிற பந்தயம். கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்படும். எதிரி, கடிகாரம்தான். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தக் கார் எந்தப் பகுதியை எத்தனை விநாடியில் கடந்தது என்று குறித்து வைத்து, கடைசியில் கூட்டிப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர், முன்கூட்டியே பாதையைப் பார்த்து எழுதி வைத்த குறிப்பை வாசித்துக்கொண்டே வருவார். "நூறு கஜம், இடது வளைவு, அப்புறம் மேடு" என்று அவர் சொல்வதை நம்பித்தான், கண்ணுக்குத் தெரியாத வளைவில் இவர் காரை விடுகிறார். இல்லறம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாவிட்டால் வண்டி பள்ளத்தில்தான்.

இந்தப் பந்தயத்துக்குப் போகும் கார், கடையில் வாங்கிய கார் போலவே தோன்றும். உள்ளே பார்த்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. அப்படி அதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவது யார்? எஞ்சினீயர் ஒருவர், மெக்கானிக் ஒருவர். மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. அவர் கையில் ஸ்பானர் இல்லை, பேனாதான் இருக்கிறது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, எத்தனை கிலோ எடை, எத்தனை கார் செய்து விற்றிருக்க வேண்டும் என்று எழுதுகிறவர் அவர். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் சட்டக் கமிட்டி! அந்தப் பேனா ஓர் அங்குலம் நகர்ந்தால், தொழிற்சாலைகளில் கார்களின் உருவமே மாறிவிடும்.

காய்கறிக் கூடையும் மலைச் சிகரமும்

1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன். சொற்ப பெட்ரோலில் ஓடுகிற சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் நிபுணர் அலெக் இஸிகோனிஸிடம் சொன்னது. 1959-ல் பிறந்தது 'மினி'. மொத்த நீளமே 10 அடி. சக்கரம் 10 அங்குலம். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதன் அடியிலேயே செருகி, மிச்சமான இடத்தையெல்லாம் மனிதர்களுக்கும் காய்கறிக் கூடைக்கும் விட்டார் இஸிகோனிஸ். எஞ்சின் 848 சி.சி.; சக்தி 34 குதிரை. குடும்பத்துக்கென்று செய்த கார். பந்தயத்தை அவர் கனவிலும் நினைக்கவில்லை.

நினைத்தவர் அவருடைய சிநேகிதர் ஜான் கூப்பர். பந்தயக் கார் கட்டுவதே அவர் தொழில். சக்கரங்கள் நாலு மூலையிலும் இருக்கின்றன. கனம் தரையோடு தரையாக இருக்கிறது. வளைவில் இந்தக் குட்டி ஒட்டிக்கொண்டு ஓடுகிறதே! 1961-ல் 997 சி.சி. எஞ்சினும் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வைத்து 'மினி கூப்பர்' வெளிவந்தது. மறு வருஷம் ஹாலந்து தேசத்து டூலிப் ராலியில் அந்தக் காருக்கு முதல் பெரிய வெற்றியைத் தேடித் தந்தது யார் தெரியுமா? பாட் மாஸ் என்ற பெண்மணி! பக்கத்தில் குறிப்பு வாசித்தவர் ஆன் விஸ்டம் என்ற இன்னொரு பெண்மணி. பிரபல பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸின் தங்கைதான் பாட். அண்ணா பெயரைச் சொல்லிப் புகழ் தேடிக்கொண்டவர் அல்ல. 1960-லேயே, ஆண்களே பாதியில் கைவிட்டு இறங்கும் லியேஜ்-ரோம்-லியேஜ் பந்தயத்தில் இதே தோழியுடன் முதலாவதாக வந்தவர்.

பந்தயத்துக்கென்று மினியை எப்படித் தயாரித்தார்கள்? ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஆபிங்டன் என்ற ஊரில் கம்பெனியின் பந்தயப் பிரிவு இருந்தது. புதுக் காரை அங்கே கொண்டுபோய், முதலில் செய்கிற காரியம், அதை முழுக்கப் பிரித்துப் போடுவது! தகட்டு உடம்பின் இணைப்புகளைப் பலப்படுத்துவார்கள். எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பையும் எடை பார்த்து, மெருகேற்றி, திரும்பப் பூட்டுவார்கள். கியர் பெட்டி தரையோடு தரையாக இருக்கிறதல்லவா? ஒரு கல் பட்டால் போச்சு. ஆகவே அடியில் கனமான உலோகக் கவசம். பனி படியாமல் இருக்க, மின்சாரத்தால் சூடேறும் முன் கண்ணாடி. பனிக்கட்டியில் கடித்துப் பிடிக்க, ஆணி பதித்த டயர். முன்னால் வரிசையாக விளக்குகள். குறிப்பு வாசிப்பவர் பக்கம் வளைகிற கழுத்துடன் ஒரு குட்டி விளக்கு. தூரத்தைக் கணக்கிடும் கருவி. மகளைப் புக்ககத்துக்கு அனுப்புகிற தாயார் பெட்டியை எத்தனை தடவை திறந்து பார்ப்பாளோ, அத்தனை தடவை மெக்கானிக்குகள் அந்தக் காரைச் சுற்றி வந்தார்கள்.

இதிலும் சட்டப் புத்தகத்தின் கைவரிசை உண்டு. 'கூப்பர் எஸ்' என்ற வேகமான மினி 1963-ல் 1,071 சி.சி. எஞ்சினுடன் வந்தது. 1964-ல் 970, 1,275 என்று இன்னும் இரண்டு. ஏன் இந்த விசித்திரமான எண்கள்? பந்தயத்தில் 1,000 சி.சி.க்கு உட்பட்டது, 1,100-க்கு உட்பட்டது, 1,300-க்கு உட்பட்டது என்று வகுப்புகள் இருந்தன. ஒவ்வொரு வகுப்பின் விளிம்பிலும் போய் உட்காரும்படி எஞ்சினை அளவெடுத்துச் செய்தார்கள். ஆளுக்குத் தக்க சட்டை தைப்பது உலக வழக்கம். சட்டைக்குத் தக்க ஆளைப் பிடிப்பது பந்தய வழக்கம்!

விளக்கால் வந்த வினை

ராலிகளில் மிகப் பழமையானது, 1911-ல் தொடங்கிய மான்டி கார்லோ ராலி. அந்த நாளில் ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து கார்கள் புறப்பட்டு, கொட்டும் பனியில், தெற்கே மொனாக்கோ வந்து சேரும். 1964-ல் ரஷ்யப் பக்கத்து மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்ட பாடி ஹாப்கிர்க்கின் மினி முதல் பரிசைத் தட்டிக்கொண்டது. 4.7 லிட்டர் எஞ்சின் கொண்ட அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன் இரண்டாவது! மலையில் ஃபால்கன்தான் அதிக வேகம். ஆனால் பெரிய எஞ்சினுக்குப் பாரம் ஏற்றி, சின்ன எஞ்சினுக்குச் சலுகை கொடுத்தது அந்த வருஷத்து விதி. சட்டம் மினியின் பக்கம் இருந்தது.

1965-ல் அப்படியொரு பனி. 200-க்கும் மேற்பட்ட கார்கள் புறப்பட்டு, சொற்பமே வந்து சேர்ந்தன. பின்லாந்துக்காரரான டிமோ மாக்கினன், ஓர் அபராதப் புள்ளிகூட இல்லாமல் மினியைக் கொண்டு வந்து சேர்த்தார். தொடர்ந்து இரண்டாவது வெற்றி.

1966-ல் சட்டம் மாறியது. கார்களைப் புதிய பிரிவுகளாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில், ஒரே வருஷத்தில் 5,000 கார் செய்திருக்க வேண்டும். கடையில் விற்கிற மாதிரியே ஏறக்குறைய இருக்க வேண்டும். அதற்கு மேல் மாற்றங்கள் செய்தால் வேறு பிரிவு. அந்தப் பிரிவுகளுக்கு மான்டி கார்லோவில் பெரிய பாரம் ஏற்றிவிட்டார்கள். 'பந்தயத்துக்கென்று உருமாற்றிய வண்டி வேண்டாம்; கடை வண்டியையே கொண்டு வா' என்பதுதான் அதன் அர்த்தம். நோக்கம் நல்லதுதான். மினிக்காரர்களும் முதல் பிரிவிலேயே வந்து சேர்ந்தார்கள்.

என்ன நடந்தது? மாக்கினன் முதலாவது; அவரும் பின்லாந்துக்காரர்தான், ரௌனோ ஆல்டோனன் இரண்டாவது; ஹாப்கிர்க் மூன்றாவது. மூன்றும் மினி! நாலாவது, ரோஜர் கிளார்க்கின் ஃபோர்டு. அதிகாரிகள் கார்களைப் பிரித்துப் போட்டு மணிக்கணக்காக அளந்தார்கள், நிறுத்தார்கள். எஞ்சினில் ஒரு குற்றமும் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது, முன் விளக்கு.

விஷயம் இதுதான். கடையில் விற்ற மினியின் முன் விளக்கு பல்பில் இரண்டு இழைகள். ஒன்று தூர ஒளிக்கு, ஒன்று தாழ்ந்த ஒளிக்கு. பந்தயக் காரிலோ அயோடின் வாயு நிரப்பிய, ஒற்றை இழைப் புது பல்பு. எதிரே வண்டி வந்தால் அதை அணைத்துவிட்டு, கீழே இருக்கும் மூடுபனி விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். 'இது கடையில் விற்ற விளக்கு அல்ல. விளக்கைத் தாழ்த்துகிற முறையும் விதிக்கு விரோதம்' என்றார்கள் அதிகாரிகள். முதல் நாலு கார்களும் தள்ளுபடி! பெண்கள் பரிசை ஜெயித்திருந்த ரோஸ்மேரி ஸ்மித்தின் ஹில்மன் இம்ப் காரும் தள்ளுபடி.

ஐந்தாவதாக வந்தவர் அழைக்கப்பட்டு, வெற்றி வீரர் என்று அறிவிக்கப்பட்டார். பிரெஞ்சு ஸிட்ரோன் காரை ஓட்டிய பின்லாந்துக்காரர், பௌலி டொய்வோனன். பிரெஞ்சுக் காருக்குப் பரிசு கொடுக்கத்தான் இந்த நாடகம் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அப்பீல் செய்தும் பலன் இல்லை.

பௌலியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பந்தயக்காரன் கனவில் காண்கிற கோப்பை அது. கையில் வாங்கவும் மனமில்லை. வேண்டாமென்று தள்ளவும் வழியில்லை. இனி அந்தக் கம்பெனிக் காரை ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1968-ல், ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தையே வென்றார். இருந்தாலும் 'பல்பு கொடுத்த வெற்றி' என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் அவருடைய மூத்த பிள்ளை ஹென்ரிக்கு அப்போது ஒன்பது வயது.

மினி என்ன ஆயிற்று என்கிறீர்களா? 1967-ல் ஆல்டோனன் அதே பந்தயத்தில் அதே காரில் வந்து, சில விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தத் தடவை விளக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை!

5,000 போய் 200 வந்தது

வருஷங்கள் ஓடின. நாலு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றுகிற கார் ராலியில் வரக்கூடாது என்றிருந்த தடை நீங்கியது. 'அது ஜீப்புக்குச் சரி, பந்தயத்துக்கு வெறும் பாரம்' என்று பல கம்பெனிகள் அலட்சியமாக இருந்தன. ஜெர்மனியின் ஆடி கம்பெனி மட்டும் அப்படி நினைக்கவில்லை. 1980-ல் 'குவாட்ரோ'வைக் கொண்டு வந்தது. சேற்றிலும் பனியிலும் மற்ற கார்கள் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்க, இது பாய்ந்து போயிற்று.

அந்தக் காரை ஓட்ட ஆடி தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர், தெற்கு பிரான்சில் வாசனைத் தைலத்துக்குப் பேர்போன கிராஸ் நகரில் 1951-ல் பிறந்த மிஷேல் மூட்டோன். அவருடைய தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 'பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை?' என்று கேட்காமல், காரையும் வாங்கிக் கொடுத்து, "ஒரு வருஷம் அவகாசம். உன் திறமையைக் காட்டு" என்று சொன்ன மனிதர் அவர்.

பெண் காட்டினாள்! 1981-ல் இத்தாலியின் ஸான் ரெமோ ராலியில் முதலாவதாக வந்தார் மிஷேல். உலக சாம்பியன்ஷிப் ராலி ஒன்றை ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல் தடவை. பக்கத்தில் குறிப்பு வாசித்தவர் ஃபப்ரிஸியா போன்ஸ், அவரும் பெண்ணே. 1982-ல் போர்ச்சுகல், கிரீஸ், பிரேஸில் என்று மூன்று நாடுகளில் வெற்றி. உலகப் பட்டம் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் பந்தயம் தொடங்கும் நேரத்தில், தகப்பனார் புற்றுநோயால் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. 'நீ ஓட்டத்தான் வேண்டும்' என்றார் தாயார். துக்கத்தை விழுங்கிக்கொண்டு ஓட்டினார் மிஷேல். ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னணியில் இருந்தார். பிறகு கியர் பெட்டி கோளாறு, கடைசியில் விபத்து. பட்டம் ஜெர்மனியின் வால்டர் ரோலுக்குப் போயிற்று. உலகிலேயே இரண்டாவது இடம் மிஷேலுக்கு.

அந்த 1982-ல்தான் சட்டப் புத்தகம் ஒரு பெரிய குட்டிக்கரணம் அடித்தது. 'குரூப் பி' என்று ஒரு புதுப் பிரிவு. பந்தயத்துக்கு வர, வருஷத்தில் 200 கார் செய்தால் போதும்! அது மட்டுமல்ல; அதற்குப் பிறகு 20 காரை மட்டும் இன்னும் வேகமாக மாற்றிக் கட்டி, அந்த 20-ஐக் கொண்டே பந்தயத்துக்குப் போகலாம்.

5,000 கார் விற்கவேண்டுமென்றால் அது குடும்பக் காராக இருக்கவேண்டும். பிள்ளைகள் உட்காரவேண்டும், மழையில் கிளம்பவேண்டும், விலை கட்டுப்படியாகவேண்டும். 200 கார் என்றால் இது எதுவுமே வேண்டாம். முதலில் பந்தயக் காரைக் கட்டிவிட்டு, அதன் மேல் குடும்பக் காரின் சாயலைப் போர்த்திவிட்டால் போதும். கம்பெனிகள் அதையேதான் செய்தன.

ஒரு பெருக்கல் கணக்கு

இத்தாலியின் லான்சியா கம்பெனி 1985-ல் கொண்டு வந்த 'டெல்டா எஸ் 4' காரைப் பாருங்கள். 'டெல்டா' என்பது அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த நாலு கதவுக் குடும்பக் காரின் பெயர். எஸ் 4 காருக்கு அதனிடம் கிடைத்தது, பெயரும் முகஜாடையும்தான். உள்ளே எஃகுக் குழாய்களைப் பற்ற வைத்த கூடு. எஞ்சின் முன்னால் இல்லை; ஆசனங்களுக்குப் பின்னால்! மேலே போர்த்தியிருப்பது தகடு அல்ல, மிக லேசான இழைப் பொருள். முன் பாகத்தையும் பின் பாகத்தையும் டிபன் பெட்டி மூடி போலத் தூக்கிவிடலாம்.

எஞ்சினின் அளவு 1,759 சி.சி. ஏன் 1,759? கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற கருவி பொருத்திய எஞ்சின் என்றால், அதன் அளவை 1.4 ஆல் பெருக்கவேண்டும் என்பது விதி. 1,759-ஐ 1.4 ஆல் பெருக்கினால் 2,463-க்குச் சற்றுக் குறைவு. 2,500-க்கு உட்பட்டால் கார் 890 கிலோ இருந்தால் போதும். அதைத் தாண்டினால் 960 கிலோ இருக்கவேண்டும். 70 கிலோவை மிச்சம் பிடிக்க, விளிம்பிலே போய் உட்கார்ந்தார்கள். மினி காலத்துச் சமர்த்துதான். விளையாட்டு மட்டும் வேறு.

காற்றைத் தள்ளுகிற கருவியிலும் ஒரு புதுமை. 'டர்போ' என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் விசிறி. பலம் அதிகம், ஆனால் ஈர விறகு மாதிரி, பற்றிக்கொள்ளச் சற்று நேரமாகும். 'சூப்பர்சார்ஜர்' என்பதை எஞ்சினே நேராகச் சுழற்றும். மிதித்தவுடன் பலம் வரும். ஆனால் உச்சத்தில் களைத்துப் போகும். லான்சியா இரண்டையும் ஒரே எஞ்சினில் மாட்டியது! வேகம் குறைவாயிருக்கும்போது ஒன்று, ஏறிய பின் மற்றொன்று. சக்தி 450 குதிரைக்கு மேல் போயிற்று. இஸிகோனிஸின் முதல் மினிக்கு 34 குதிரை என்பது ஞாபகம் இருக்கிறதா? ஓடுவதோ அதே மாதிரி மலைப் பாதையில்தான்.

அந்தக் காரின் முதல் ராலி, 1985 நவம்பரில் இங்கிலாந்தில். ஜெயித்தவர் பின்லாந்து இளைஞர் ஹென்ரி டொய்வோனன். ஆமாம், பௌலியின் பிள்ளைதான்! 1980-லேயே, 24-வது வயதில், உலக ராலி ஒன்றை ஜெயித்து, அதுவரை அந்தப் பெருமை பெற்றவர்களில் எல்லாரிலும் இளையவர் என்று பெயர் வாங்கியவர். 1986 ஜனவரியில் மான்டி கார்லோவுக்குப் போனார். தகப்பனாருக்குப் பல்பு கொடுத்த அதே கோப்பையை, சரியாக 20 வருஷம் கழித்து, பிள்ளை மலைமேல் ஓட்டியே ஜெயித்தார். டொய்வோனன் என்ற பெயரில் ஒட்டியிருந்த சொல் அன்றைக்குத்தான் உதிர்ந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு நாலு மாதம்கூட ஆயுள் இல்லை.

கார்ஸிகாவில் ஒரு பகல்

குரூப் பி கார்களைப் பார்க்க ஜனங்கள் ஆயிரமாயிரமாய்க் கூடினார்கள். ரோட்டோரத்தில் அல்ல, ரோட்டிலேயே நின்றார்கள். கார் நெருங்கும்போது கூட்டம் விலகி வழி விடும்; கார் போனதும் மூடிக்கொள்ளும். 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு ஃபோர்டு கார் கட்டுத் தப்பிக் கூட்டத்துக்குள் புகுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். பெரிய கம்பெனிகளின் ஓட்டுநர்கள் கூடிப் பேசி, 'இனி இந்த ராலியை ஓட்டமாட்டோம்' என்று விலகிக்கொண்டார்கள். சட்டப் புத்தகம் அசையவில்லை.

மே மாதம் கார்ஸிகா தீவில் ராலி. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன், 1985 மே 2-ஆம் தேதி, இதே ராலியில் லான்சியா கோஷ்டியின் அட்டிலியோ பெட்டேகா மரத்தில் மோதி இறந்திருந்தார். 1986-ல் அதே மே 2. ஹென்ரிக்கு உடம்பு சரியில்லை, ஜுரம். இருந்தும் முன்னணியில் இருந்தார். கோர்ட்டே என்ற ஊரைத் தாண்டி ஓர் இடது வளைவு. தடுப்புச் சுவர் இல்லை. கார் பள்ளத்தில் உருண்டு, பெட்ரோல் தொட்டி உடைந்து, பற்றி எரிந்தது. ஹென்ரியும் பக்கத்தில் இருந்த ஸெர்ஜியோ கிரெஸ்டோவும் மாண்டுபோனார்கள். தொட்டிகள் இருந்தது ஆசனங்களுக்கு அடியிலேயே. எரிந்து அடங்கியபோது மிஞ்சியது குழாய்க் கூடு ஒன்றுதான். வண்டி ஏன் தடம் மாறியது என்பதை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்வதற்குச் சாட்சியும் இல்லை, சோதிப்பதற்குக் காரும் இல்லை.

ஹென்ரிக்கு 29 வயது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். பின்லாந்தில் தகப்பனார் இருந்தார். 20 வருஷத்துக்கு முன் ஒரு பல்பைப் பெரிதுபடுத்திய சட்டத்தால் அவர் மனம் நொந்தவர். இப்போது 450 குதிரைச் சக்தியையும், ஆசனத்தின் கீழ் பெட்ரோலையும் கண்டும் காணாமல் விட்ட சட்டத்தால் பிள்ளையையே இழந்தார். 2005-ல் காலமாகும் வரை அந்தத் துக்கத்தைச் சுமந்தவர் பௌலி.

மறுபடியும் 5,000

இந்தத் தடவை பேனா தாமதிக்கவில்லை. 1987 முதல் குரூப் பி கிடையாது என்று உடனே அறிவிப்பு வந்தது. அதைவிட வேகமாக வரவிருந்த 'குரூப் எஸ்' என்ற திட்டமும் ரத்து. கோடிக் கணக்கில் செலவழித்துக் கட்டிய கார்கள் ஒரே நாளில் கொட்டகைக்குப் போயின. இனி உலகப் பட்டம் 'குரூப் ஏ' கார்களுக்கு. அதற்கு என்ன நிபந்தனை தெரியுமா? வருஷத்தில் 5,000 கார் செய்திருக்க வேண்டும்! 1966-ல் எழுதிய அதே எண். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைக்கே வந்து சேர்ந்தார்கள்.

இதில் ஒரு விந்தை. அந்த மாற்றத்துக்குத் தயாராக இருந்த கம்பெனி எது? அதே லான்சியாதான். அதனிடம் உண்மையான டெல்டா, நாலு கதவுக் குடும்பக் கார், இருந்தது. அதற்கு நாலு சக்கர ஓட்டத்தைக் கொடுத்து, 1987-லிருந்து 1992 வரை ஆறு வருஷமும் தொடர்ந்து உலகப் பட்டத்தை வென்றது. போட்டிக் கம்பெனிகளும் அப்படிப்பட்ட கார்களைச் செய்து கடையில் விற்றாக வேண்டியிருந்தது. பந்தயக் காரின் பலமும் குடும்பக் காரின் கதவுகளும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிகள் சாதாரண ஜனங்களின் வீட்டு வாசலுக்கு வந்தது அந்தச் சட்டத்தின் புண்ணியம்.

சட்டம் நல்லதானால் சமர்த்தர்கள் சும்மா இருப்பார்களா? எஞ்சினின் சக்தி மிஞ்சிப் போகாமலிருக்க, காற்று போகும் வழியில் 34 மில்லிமீட்டர் துவாரமுள்ள வளையம் ஒன்றைப் பொருத்தவேண்டும் என்று விதி வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்வது போல! 1995-ல் ஸ்பெயின் ராலியில் டொயோட்டா காரைச் சோதித்தார்கள். வளையம் சரியான அளவில்தான் இருந்தது. ஆனால் குழாயை மாட்டி இறுக்கும்போது, ஒளிந்திருந்த ஸ்பிரிங் விலகிக் காற்றுக்குக் கொல்லைப்புற வழி திறந்தது. சோதனைக்காகக் கழற்றினால் தானாகவே மூடிக்கொண்டது! என்ன மூளை பாருங்கள்! அந்த மூளைக்குக் கிடைத்த பரிசு, அவ்வருஷத்துப் புள்ளிகள் அனைத்தும் பறிமுதல். ஒரு வருஷம் பந்தயத்துக்கே தடை. 1966-ல் பல்பை மாற்றியவர்கள் அதை ஒளித்து வைக்கவில்லை. எல்லார் கண்ணெதிரிலும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இது அப்படி அல்ல.

இன்னும் பேனா ஓயவில்லை. 2022-ல் கார்களுக்கு எஃகுக் குழாயால் புதிய பாதுகாப்புக் கூடு. பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டார். 2025-ல் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக் கூட்டை மட்டும் எடுக்கவில்லை. கார்ஸிகா கற்பித்த பாடம் அது.

மிஷேல் மூட்டோன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1986-ல் ஜெர்மனி தேசத்து ராலிப் பட்டத்தை வென்ற பின் அவர் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். 1988-ல் ஹென்ரியின் ஞாபகார்த்தமாக 'சாம்பியன்களின் பந்தயம்' என்ற போட்டியை ஒரு நண்பருடன் சேர்ந்து ஆரம்பித்தார். 2010-ல் சர்வதேச சம்மேளனத்தின் பெண்கள் கமிஷனுக்கு முதல் தலைவியானார். மறு வருஷம், உலக ராலிகளைச் சம்மேளனத்தின் சார்பில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ராலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற வேலையும் பின்னால் அவருடையதே. ரோட்டில் நிற்கிற கூட்டத்துக்கு நடுவே, நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு கார் ஓட்டிய பெண்மணி அவர். எந்த வளைவில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று சொல்லும் இடத்துக்கு அவரே வந்து சேர்ந்தார். மனிதர்கள் இன்னும் ரோட்டில் நின்றுகொண்டிருந்தால், ஓடுகிற பந்தயத்தையும் நிறுத்திவிடத் தயங்கமாட்டார் என்று ராலி உலகில் அவருக்குப் பெயர் இருந்தது.